‘கிளிக்’ ஆகாத கேமராவில் எண்ணெய் விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஃபிலிம் கேமராக்களுக்கு மறுபடி கிராக்கி வந்திருப்பதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. அதோடு கட்டம் கட்டிப் போட்டிருந்த குறிப்பில்தான் எங்களுக்குச் சண்டை. ‘ஷட்டர் இறுகியிருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பொத்தானை நாலைந்து முறை பலமாக அழுத்தவும்’ என்கிறது அது. 35 மி.மீ. கேமராவுக்கே இது ஆகாது. அதைவிட அகலமான 120 ஃபிலிம் போடும் மீடியம் ஃபார்மட் கேமராவில் இதைச் செய்தால், வெறுமனே பூட்டிக்கிடந்த கேமரா நிஜமாகவே பழுதாகிவிடும்.

பூட்டிக்கிடந்த என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 120 ரோலில், படத்தின் அளவு (செ.மீ.) 6×6 ஆக இருக்கும் கேமராவுக்கு 12 படம், 6×7க்கு 10, 645 எனப்படும் 6×4.5க்கு 15 அல்லது 16. அவ்வளவுதான். ஒரு படம் வீணானாலும் போட்டோகிராபருக்கு நஷ்டம் என்பதால் கம்பெனிக்காரர்கள் தடை மேல் தடை வைத்தார்கள். ஃபிலிமை மறைக்கும் டார்க் ஸ்லைடு உள்ளே இருந்தால் கிளிக் ஆகாது. அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்தாவிட்டால் ஆகாது. ரோல் முடிந்துவிட்டால் ஆகாது. கையேடு இல்லாமல் வாங்கியவருக்கு இவை எல்லாமே ‘கேமரா செத்துப்போச்சு’ என்றுதான் தெரியும். விற்பவரும் பல நேரம் அப்படி நம்பித்தான் ‘ரிப்பேர்’ என்று போட்டு விற்கிறார்.

எனவே ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் காதைக் கொடுங்கள். பொத்தான் கீழேயே இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு தடை பிடித்துக்கொண்டிருக்கிறது. பொத்தான் தளர்வாக இறங்குகிறது, சத்தமே இல்லை என்றால் ஷட்டர் சார்ஜ் ஆகவில்லை, அதாவது அதன் ஸ்பிரிங் முறுக்கேறவில்லை, அல்லது பொத்தானுக்கும் ஷட்டருக்கும் நடுவிலுள்ள இணைப்பு விட்டிருக்கிறது. பேட்டரியில் ஓடும் கேமரா என்றால் பேட்டரி. சத்தம் வழக்கம்போல வருகிறது, ஆனால் லென்ஸுக்குள் திறந்து மூடும் ஷட்டர் இதழ்கள் அசையவில்லை என்றால் இதழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எண்ணெய் இதில் எதற்கும் வைத்தியம் இல்லை.

பழுதே இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாமியா ஆர்பி 67, ஹாசெல்பிளாட் 500 வகைக் கேமராக்களில் ஒரு படம் எடுத்ததும் வியூஃபைண்டர் கறுத்துவிடும். லென்ஸில் வரும் காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பிக் காட்டும் கண்ணாடி மேலே போனபின் தானாகத் திரும்பி இறங்காது. மறுபடி லீவரை அழுத்தினாலோ கிராங்க் என்னும் பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றினாலோதான் இறங்கும். 35 மி.மீ. எஸ்எல்ஆர் பழகியவர்கள் இதைப் பார்த்ததும் கண்ணாடி சிக்கிக்கொண்டது என்று விரலை உள்ளே விடுகிறார்கள். கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு மேல்பக்கத்திலேயே இருக்கிறது. விரல் பட்டால் தடம் விழும், துடைத்தால் கீறல் விழும்.

ஆர்பி 67ஐக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். பழைய சந்தையில் அதிகம் கிடைப்பவற்றில் ஒன்று அது. தடைகளும் அதில்தான் அதிகம். 1970இல் வந்தது. பேட்டரியே கிடையாது, முழுக்க இயந்திரம். இதில் இரண்டு லீவர்கள் உண்டு. உடம்பின் வலது பக்கத்திலுள்ள பெரிய லீவர் கண்ணாடியை இறக்கி லென்ஸிலுள்ள ஷட்டரைச் சார்ஜ் செய்யும். பின்னால், ஃபிலிம் இருக்கும் பெட்டியான பேக்கிலுள்ள சிறிய லீவர் ஃபிலிமை நகர்த்தும். ஒன்றை அழுத்தி இன்னொன்றை மறந்தால், 1974இல் வந்த ப்ரோ-எஸ் மாடலில் கிளிக் ஆகாது. ஒரே ஃபிலிமில் இரண்டு படம் விழாமல் காப்பதற்கான தடை அது. பேக் காலியாக இருக்கும்போது சோதிக்க வேண்டுமானால், பல முறை எக்ஸ்போஸ் செய்வதற்காக வைத்திருக்கும் சிறு லீவரைத் தள்ளிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

பெரிய லீவரைப் பாதியில் விடக்கூடாது. ஒரே வீச்சில், நிற்கும்வரை அழுத்த வேண்டும். பாதியில் கடினமாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த லீவர் நீளமானது. கையில் லேசாகத் தெரியும் பலம் உள்ளே சிறு பற்சக்கரங்களில் பல மடங்காக இறங்கும். அடுத்து டார்க் ஸ்லைடு. அது முக்கால்வாசி வெளியே வந்தால் போதாது, முழுவதும் உருவப்பட வேண்டும். பேக்கைப் படுக்கை, நெடுக்கை என்று திருப்பும் அடாப்டர் ‘டக்’ என்று உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானைச் சுற்றியுள்ள வளையம் பூட்டு நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ‘ரிப்பேர்’ என்று வரும் கேமராக்களில் இந்த வளையம் மட்டுமே காரணமாக இருப்பதும் உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தும், பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மட்டும் மேலே போகிறது, ஷட்டர் இயங்கவில்லை என்றால், லென்ஸின் பக்கவாட்டில் உள்ள குமிழைப் பாருங்கள். அதில் ‘என்’, ‘எம்’ என்று இரண்டு நிலை. ‘எம்’மில் இருந்தால் உடம்பிலுள்ள பொத்தான் கண்ணாடியை மட்டும்தான் தூக்கும்; ஷட்டரை, அந்தக் குமிழில் கேபிள் ரிலீஸ் திருகி அழுத்தினால்தான் விடும். முக்காலி வைத்து அதிர்வில்லாமல் எடுப்பதற்கான வசதி இது. குமிழை ‘என்’னுக்குத் திருப்பினால் வேலை முடிந்தது. அதேபோல வேக வளையம் ‘டி’யில் நின்றுபோனால் ஷட்டர் திறந்தது திறந்தபடி இருக்கும், தானாக மூடாது. வளையத்தை 1 நொடிப் பக்கமாகத் திருப்பினால் மூடிக்கொள்ளும்.

லென்ஸே உடம்பில் ஏறவில்லை என்றால் ஒன்று சார்ஜ் ஆகி, மற்றது ஆகாமல் இருக்கிறது என்று அர்த்தம். ஆர்பி லென்ஸின் பின்பக்கத்தில் இரண்டு சிறு ஊசிகள் உள்ளன. உடம்பை லீவர் அழுத்திச் சார்ஜ் செய்துவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் இரண்டு விரலால் ஒன்றாகத் திருப்பி, பூட்டிக்கொள்ளும் இடத்துக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் வழுக்கிக்கொண்டு உட்காரும்.

ஹாசெல்பிளாட் 500 சி, 1970இலிருந்து வந்த 500 சி/எம் இரண்டிலும் இதே தகராறுதான், ஆனால் விளைவு பெரிது. உடம்பும் லென்ஸும் சார்ஜ் ஆன நிலையில் மட்டுமே லென்ஸைக் கழற்றவோ மாட்டவோ வேண்டும். லென்ஸின் பின்புறம் திருகுத் தலை போல ஒரு தண்டு தெரியும். அதன் பள்ளம் சிவப்புப் புள்ளிக்கு நேராக இருந்தால் லென்ஸ் தயார். நேராக இல்லாவிட்டால், அகலமான ஸ்க்ரூடிரைவரால் வலஞ்சுழியாக, பிடித்துக்கொள்ளும் சத்தம் வரும்வரை திருப்ப வேண்டும். நடுவில் கையை விட்டால் ஸ்பிரிங் திருப்பி அடிக்கும்.

மாட்டிய நிலையிலேயே இறுகிவிட்டால்? பொத்தானும் இறங்காது, கிராங்க்கும் சுற்றாது, லென்ஸும் வராது. நெருக்கத்தில் எடுப்பதற்காக உடம்புக்கும் லென்ஸுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் போட்டு எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மாட்டும்போது முதலில் ட்யூப், பிறகு லென்ஸ். கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகு ட்யூப். இந்த வரிசை மாறியதுதான் காரணமாக இருக்கும். வழி இதுதான்: ஃபிலிம் மேகசினைக் கழற்றுங்கள். பின்னால் தெரியும் இரண்டு கதவுகளை மெல்லத் தள்ளி, மெல்லிய நீள ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டால் லென்ஸின் அதே தண்டு எட்டும். ஸ்க்ரூடிரைவரின் கம்பியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், உள்சுவர் கீறாது. வலஞ்சுழியாகத் திருப்பி, பிடித்ததும் லென்ஸைக் கழற்றுங்கள். பிறகு உடம்பைத் தனியாகச் சுற்றிச் சார்ஜ் செய்து மாட்டுங்கள். தண்டு அசையவே இல்லையென்றால் பலம் காட்டாமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். ஹாசெல்பிளாடில் இன்னொன்று: பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் அந்தக் கதவுகள் மூடிக்கொள்ளும். 1 நொடி, அரை நொடி வைத்துச் சோதிக்கும்போது விரலைச் சட்டென்று எடுத்துவிட்டு ‘வெளிச்சமே வரவில்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரட்டை லென்ஸ் கேமராக்களுக்கு, அதாவது டிஎல்ஆருக்கு வருவோம். யாஷிகா மேட் 124 ஜி 1970 முதல் 1986 வரை தயாரிப்பில் இருந்தது. ஸ்டுடியோ மூடிய வீடுகளின் பரணிலிருந்து இறங்குபவற்றில் யாஷிகா இல்லாமல் இருக்காது. இதில் பேட்டரி இருக்கிறது, ஆனால் லைட் மீட்டருக்கு மட்டும். அதற்கான 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரி இப்போது விற்பனையிலேயே இல்லை என்பதற்காகக் கேமராவை ஒதுக்க வேண்டியதில்லை; பேட்டரி இல்லாமலே ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். முதலில் பொத்தானைச் சுற்றியுள்ள பூட்டைப் பாருங்கள். பிறகு ஃபிளாஷ் லீவர் ‘எக்ஸ்’ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எம்’ நிலை பழைய பல்பு ஃபிளாஷுக்கானது. பல்பு எரிந்து உச்சத்துக்கு வரும்வரை ஷட்டரைத் தாமதப்படுத்த ஒரு தனிப் பற்சக்கர வரிசையை அது இழுத்துவிடும். பழைய கிரீஸ் காய்ந்திருந்தால் அந்த வரிசையிலேயே எல்லாம் நின்றுபோகும். செல்ஃப் டைமரும் அதே ஆபத்து. பழைய கேமராவில் செல்ஃப் டைமரைத் தொடவே தொடாதீர்கள். ஷட்டர் வேகத்தை 1/60 நொடியில் வைத்துச் சோதனையைத் தொடங்குங்கள். 1/500 வேகத்துக்கென்று கூடுதல் ஸ்பிரிங் வேலை செய்யும் ஷட்டர்களில், சார்ஜ் செய்த பிறகு அந்த எண்ணுக்குத் திருப்புவது கடினமாக இருக்கும். சார்ஜ் செய்யும் முன்பே திருப்பிக்கொள்ள வேண்டும்.

மாமியா சி 330 வாங்கியவர்கள் வேறொன்றைப் பார்க்க வேண்டும். லென்ஸ் மாற்றும்போது ஃபிலிமில் வெளிச்சம் படாமலிருக்க, பக்கவாட்டுக் குமிழை ‘அன்லாக்’ பக்கம் திருப்பினால் உள்ளே ஒரு தகடு எழும்பி மறைக்கும், ஷட்டர் பொத்தானும் பூட்டிக்கொள்ளும். குமிழை ‘லாக்’குக்குத் திருப்ப மறந்தவர்கள்தான் பாதிப்பேர். இந்தக் கேமராவில் ஒரு நல்ல வசதி உண்டு: லென்ஸிலேயே சார்ஜ் செய்யவும் விடவும் சிறு லீவர்கள் இருக்கின்றன. அவற்றை விரலால் தள்ளி ஷட்டர் ஓடினால் லென்ஸ் நலம், கோளாறு உடம்பில். ஓடாவிட்டால் கோளாறு லென்ஸில். இவ்வளவு சுலபமாக நோயைப் பிரித்துக் காட்டும் கேமரா வேறு குறைவு.

ஃபிலிம் போடாமல் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பல கேமராக்களில் ஃபிலிம் ஓர் உருளையைச் சுற்றிக்கொண்டு போவதால்தான் படங்களை எண்ணும் கவுண்டர் நகர்கிறது, கவுண்டர் நகர்ந்தால்தான் தடை விலகுகிறது. பென்டாக்ஸ் 67 போன்றவற்றில் ஃபிலிம் இல்லாவிட்டால், பின்மூடியைத் திறந்து கவுண்டரைக் கையால் 1க்கு மேல் திருப்பினால்தான் ஷட்டர் விடும். காலி கேமராவை வைத்துக்கொண்டு ‘ஓடவில்லை’ என்று சொல்வது நியாயமில்லை. தேதி முடிந்த 120 ரோல் ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். வெறும் காகிதச் சுருள் எல்லாவற்றுக்கும் போதாது. ரோலிஃப்ளெக்ஸ் ஆட்டோமேட் வகைகள், காகிதத்தோடு ஃபிலிம் சேரும் இடத்தின் தடிமனை உணர்ந்துதான் முதல் படத்தைக் கண்டுபிடிக்கின்றன. ஃபிலிம் இல்லாத காகிதத்தை அவை கண்டுகொள்ளாமல் சுற்றிக்கொண்டே போகும்.

பேட்டரியில் ஓடுபவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாமியா எம் 645, பென்டாக்ஸ் 67, பிரோனிகா இடிஆர்எஸ், எஸ்கியூ-ஏ எல்லாம் 6 வோல்ட் பிஎக்ஸ் 28 அளவு கேட்பவை. 4 எஸ்ஆர் 44 அல்லது 4 எல்ஆர் 44 என்று கேட்டால் கிடைக்கும். முதலாவது சில்வர் ஆக்சைடு, கடைசிவரை வோல்ட் குறையாமல் நிற்கும். இரண்டாவது அல்கலைன், மலிவு, ஆனால் மெல்ல மெல்ல இறங்கும். மல்டிமீட்டரில் 6 காட்டுகிறதே என்று நம்ப வேண்டாம். ஷட்டர் இழுக்கும்போது அந்த வோல்ட் சரிந்துவிடும். புது பேட்டரி போட்டுப் பாருங்கள். இரண்டு பிரோனிகாக்களும் பேட்டரி இல்லாவிட்டாலும் 1/500இல் மட்டும் இயங்கும். எந்த வேகம் வைத்தாலும் ஒரே மாதிரி ‘டக்’ என்று வெட்டுகிறது என்றால் மின்சாரம் போய்ச் சேரவில்லை. எம் 645க்கு அந்தச் சலுகை கிடையாது. பேட்டரி இல்லையென்றால் அசையாது. பேட்டரி அறையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். பிரோனிகாவில் லென்ஸுக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள தங்கநிறப் புள்ளிகளையும் அதே ஆல்கஹாலால் துடைக்க மறக்காதீர்கள்.

இப்போது எண்ணெய்க்கு வருகிறோம். லென்ஸ் ஷட்டரின் இதழ்கள் கத்தியைவிட மெல்லியவை, ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு ஓடுபவை. அவை உலர்ந்தே இருக்க வேண்டும். ஃபோகஸ் மரையில் போட்ட கிரீஸிலிருந்து எண்ணெய் காலப்போக்கில் பிரிந்து இதழ்களுக்கு ஊர்ந்து வருவதால்தான் அவை ஒட்டிக்கொள்கின்றன. அதாவது நோயே எண்ணெய். அதில் இன்னும் ஒரு சொட்டு விட்டால் இரண்டு ஈரக் கண்ணாடித் துண்டுகள் போல ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய், மூட்டுப் பிடித்த கதவுக்கு அடிக்கும் டபிள்யூடி-40 இரண்டும் இன்னும் மோசம். முதலாவது பிசினாகும், இரண்டாவது லென்ஸ் முழுக்கப் படலமாகப் பரவி, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைக்கும் வேலை வைக்கும். பங்க் பெட்ரோலும் வேண்டாம், தின்னரும் வேண்டாம். தின்னர் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும்.

ஒட்டிய இதழைக் கண்டுபிடிப்பது எளிது. டிஎல்ஆரில் பின்மூடியைத் திறந்து, பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் ‘பி’யில் வைத்து, லென்ஸ் வழியாக வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்துங்கள். உள்ளே ஸ்பிரிங் ஓடும் சத்தம் கேட்டும் இதழ் திறக்காவிட்டாலோ, திறந்து சோம்பலாக மூடினாலோ எண்ணெய்தான். வெயில் நேரத்தில் ஓடி, ஏசி அறையில் நின்றுபோகும் ஷட்டருக்கும் இதுவே காரணம். 1/60க்கு மேல் நன்றாக ஓடி, 1/15க்குக் கீழே மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் இதழில் குற்றமில்லை. மெதுவேகத்துக்கான பற்சக்கர வரிசையில் கிரீஸ் காய்ந்திருக்கிறது.

இதழைத் துடைக்க சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் நாப்தா போதும். லென்ஸின் முன்பக்கக் கண்ணாடித் தொகுதியை ரப்பர் வளையம் அழுத்தித் திருப்பினால் பல டிஎல்ஆர்களில் கழன்றுவிடும். பஞ்சுக் குச்சியில் ஒன்றிரண்டு சொட்டு நாப்தா தொட்டு இதழில் தடவி, இருபது முப்பது முறை ஷட்டரை ஓட்டி, வெளிவரும் கறுப்பைத் துடைத்து, உலர்ந்ததும் மறுபடி தடவ வேண்டும். குச்சி சுத்தமாக வரும்வரை இதேதான். ஊற்றிக் குளிப்பாட்டக்கூடாது, கரைந்த எண்ணெய் அப்படியே, வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் இதழுக்கும் மரைக்கும் போய், சில வாரத்தில் திரும்பி வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அருகில் அடுப்போ விளக்கோ ஊதுபத்தியோ கூடாது. மெதுவேகப் பற்சக்கரத்தை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். ஷட்டரைப் பிரித்துப் பழகிய கைக்குத்தான் அது.

ஆசையாக வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் ஒரு வீடியோ கேளுங்கள்: பின்பக்கம் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, 1 நொடியிலிருந்து ஒவ்வொரு வேகமாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ‘கடைசியாகப் போட்டபோது ஓடியது’ என்பது பதில் ஆகாது. லென்ஸைச் சுற்றியுள்ள திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் முன்னமே யாரோ உள்ளே போய்வந்திருக்கிறார்கள். விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கண்ணாடிக்கு மேலே இருக்கும் ஃபோம் கறுப்பு மெழுகாக உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் கண்ணாடி ஒட்டிக்கொண்டாலும் கிளிக் ஆகாது.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது ‘ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: பொத்தான் இறங்குகிறதா, சத்தம் வருகிறதா, எந்த வேகத்தில் நின்றது, அப்போது ஃபிலிம் இருந்ததா, டார்க் ஸ்லைடு எந்த நிலையில் இருந்தது, லென்ஸைக் கழற்றிப் பார்த்தீர்களா. எண்ணெய் விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்துத்தான் எதால் கழுவுவது என்று அவர் முடிவு செய்வார்.

அந்தக் கட்டக் குறிப்புக்குத் திருத்தம் ஒன்றை அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
120 ஃபிலிம் பயன்படுத்தும் வாசகர்கள் சிலர்,
சென்னை.